குறி பழகுவோர்க்கு நடுப்புள்ளி அளவுகோலாமோ?

துப்பாக்கி சுடப் பழகும் மாணவன் ஒருவன் தன் இலக்குத் தாளை முதன்முதற் கையிற் பெறுங்கால், சூழ்ந்து நிற்கும் நண்பர் வினவுவது ஒன்றே: "நடுவில் எத்தனை?" தொடக்க நிலையில் இவ்வினா பொருந்தாது என்பதும், இதனால் நல்ல மாணாக்கர் சிலர் மனந்தளர்ந்து களத்தை விட்டே நீங்குகின்றனர் என்பதும் என் துணிபு. அதற்குரிய காரணங்களை ஈண்டுச் சுருங்கக் கூறுவேன்.

1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்த தேசிய மாணவர் படையின் வாயிலாகவே கல்லூரி மாணவர் பலர் ரைபிளை முதலில் ஏந்துகின்றனர். .22 அங்குலக் குழலுடைய சிறு ரைபிளைக் கொண்டு, தரையிற் குப்புறக் கிடந்து, 25 கெஜத் தொலைவிலுள்ள தாளைச் சுடுதல் அவர்தம் தொடக்கப் பாடமாம்.

மாணவர் இருவர் ஐந்தைந்து தோட்டாக்கள் சுட்டனர் எனக் கொள்வோம். ஒருவன் தாளில் ஐந்து துளைகளும் இடப்பக்கத்தே கீழாக, உள்ளங்கையால் மறைக்கத்தக்க சிற்றிடத்தில் நெருங்கியுள்ளன, நடுவில் ஒன்றுமில்லை. மற்றவன் தாளிலோ ஒன்று நடுப்புள்ளியைத் துளைத்தது. ஏனைய நான்கும் நான்கு மூலைகளிற் சிதறின. கைதட்டல் பின்னவனுக்கே கிடைக்கும். ஆயினும் சிறந்தவன் முன்னவனே. எங்ஙனமெனின், அவன் கண்ணும் கையும் மூச்சும் ஐந்து முறையும் ஒரே செயலைச் செய்தன. ரைபிளின் குறிகாட்டியைச் சிறிது திருத்தினாலோ, அவன் கன்னம் வைக்கும் இடத்தை மாற்றினாலோ, அக்கூட்டம் முழுவதும் நடுவிற்கு வந்துவிடும். பின்னவனுக்கு எதனைத் திருத்துவது? நடுவில் வீழ்ந்த அவ்வொன்றும் தானே வீழ்ந்ததன்றி அவன் திறத்தால் வீழ்ந்ததன்று.

சிதறுதற்குக் காரணம் மிகச் சிறியது. முன் குறிகாட்டிக்கும் பின் குறிகாட்டிக்கும் இடையே அரை மீட்டர் உளதாயின், முன்னது 1 மில்லிமீட்டர் விலகிய அளவிலே, 25 கெஜத்திற்கு அப்பால் குண்டு ஏறக்குறைய 45 மில்லிமீட்டர் விலகும். இதனாலன்றோ, தொலைவிலுள்ள இலக்கு மங்கித் தோன்றினும் கவலற்க, முன் குறிகாட்டியையே தெளிவாகக் காண்க என்று பயிற்றுநர் கூறுகின்றனர். மூச்சினால் மார்பு உயர்ந்து தாழும். அதனோடு குழலும் அசையும். ஆதலின் மூச்சை இயல்பாக வெளிவிட்டு, அடுத்த மூச்சு எழுமுன் உள்ள சிற்றிடைவேளையிற் சுடல் வேண்டும். விசையை வெடுக்கென இழுப்பவனும், ஓசைக்கு அஞ்சி முன்னரே தோளைக் குலுக்குபவனும் குழலைத் தாமே திருப்பிவிடுகின்றனர். இவையனைத்தும் ஒரே செயலை ஒரே முறையாகச் செய்யும் பழக்கத்தால் அமைவன. அப்பழக்கத்தை அளந்து காட்டுவது துளைகளின் நெருக்கமே.

"போர்க்களத்திற் பகைவன் நெருக்கத்தையா பார்ப்பான்? குறி தப்பியது தப்பியதே" என்பாருமுளர். உண்மையே, ஆயின் நெருக்கமாகச் சுடவல்லவனே குறி தப்பாமற் சுடவும் வல்லவனாவான். 2008ஆம் ஆண்டு பெய்ஜிங் ஒலிம்பிக்கில் அபினவ் பிந்திரா பொற்பதக்கம் பெற்ற 10 மீட்டர் காற்றுத் துப்பாக்கிப் போட்டியில், இலக்கின் நடுவட்டம் அரை மில்லிமீட்டர் குறுக்களவினதே. அதனை ஒருமுறை தொடுதல் எவர்க்கும் தற்செயலாக வாய்க்கலாம். மீண்டும் மீண்டும் அணுகுதல் பயின்றார்க்கே கூடும். வல்வில் ஓரியின் ஓரம்பைப் புறநானூற்றிற் கற்று வியக்கின்றோம். அவ்வோரம்பிற்கு முன் அவன் எய்து பழகிய அம்புகள் எத்தனையோ!

நடுப்புள்ளியைப் போற்றுவதில் இடரும் ஒன்றுண்டு. தற்செயலாக வென்றவன் களிப்பு மிகுந்து, ரைபிளைக் கையிற் கொண்டவாறே நண்பர் பக்கம் திரும்புதல் கூடும். எத்துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுக, குழல்வாயை எவர்மீதும் திருப்பற்க, சுடுங்காலமன்றி விசையில் விரல் வையற்க என்னும் விதிகளைப் பிழையாது காப்பவனே களத்தில் முதற்கண் மெச்சத்தக்கவன். அவன் தாளில் நடுப்புள்ளி பழுதுறாது இருப்பினும் இழுக்கில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. முதற் பருவம் முடியுமளவும் தாளில் மதிப்பெண் எழுதற்க. ஐந்து துளைகளும் எத்துணைச் சென்டிமீட்டர் அகலத்துள் அடங்கின என்பதையும் நாளையும் மட்டும் குறித்து, அத்தாளை மாணவனிடமே கொடுத்திடுக. தோட்டாக்கள் சிலவே கிடைக்கின்றனவாதலின் இதற்குப் பொழுது ஏது என்பார்க்கு, சிலவே ஆதலினாற்றான் ஒவ்வொன்றும் ஏதேனும் கற்பித்தல் வேண்டும் என்பேன். 12 சென்டிமீட்டர் 9 ஆகவும், 9 சென்டிமீட்டர் 6 ஆகவும் குறைவதைத் தன் கண்ணாற் காணும் மாணவன் களத்தை விட்டு நீங்கான். நடுவில் எத்தனை என்று வினவும் நண்பரும் இனி, "எவ்வளவு நெருக்கம்?" என வினவப் பழகுவாராக.