தோளும் சுமையும்

அரியலூரில் சிமெண்டு மூட்டை சுமக்கும் தொழிலாளியையும், பெரம்பலூர்ப் பக்கத்தில் சின்ன வெங்காய மூட்டையைத் தோளிலேற்றும் கூலியாளையும் நாம் அறிவோம். ஒரு சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. இவருள் ஒருவர், கை மரத்துப் போகிறதென்றும் பிடி தளர்கிறதென்றும் முறையிடுவாராயின், ‘வாயுப் பிடிப்பு’ என்பர் சிலர்; ‘சோம்பல்’ என்பர் வேறு சிலர். இவ்விரண்டும் ஆராயாது கூறும் சொற்களென்பது நம் கருத்து.

கைக்குரிய நரம்புகள் கழுத்தினின்றும் புறப்பட்டு, கழுத்துத் தசைகளினூடே வந்து, காறை எலும்புக்கும் முதல் விலா எலும்புக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய வழியாய்க் கையை அடைகின்றன. கையின் பெரிய இரத்தக் குழாய்களும் காறை எலும்பின் கீழேயே செல்கின்றன. அவ்வழி நெருங்கி நரம்பு நசுங்கின் மரப்பும் தளர்ச்சியும் உண்டாம். இரத்தக் குழாய் நசுங்கின் கை வெளுத்துக் குளிரும், அன்றி வீங்கி நீலம்பாரிக்கும். பாரச் சுமையும், கையை உயர்த்தி ஓயாது செய்யும் வேலையும், தோளிற் பட்ட அடியும் இதற்குத் துணையாவன. சிலருக்குப் பிறவியிலேயே கழுத்தில் ஒரு மிகை விலா எலும்பு இருப்பதுண்டு. அத்தகையதொன்றை 1861-இல் லண்டனில் ஹோம்ஸ் கூட் என்பார் அறுத்தகற்றினார். ‘தொராசிக் அவுட்லெட் சிண்ட்ரோம்’ என்னும் பெயரோ 1956-இல்தான் வழங்கலாயிற்று. நோயின் வேர் தோளிலிருக்க, வருத்தம் விரலில் தோன்றுவதால் பலரும் இதனை உணர்வதில்லை.

கை மரப்பெல்லாம் இந்நோயே என்று நாம் சொல்லவில்லை. நீரிழிவாலும், கழுத்தெலும்புத் தேய்வாலும், மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதாலும் அது வரும். பிரித்தறிய வல்லவர் மருத்துவரே. நரம்பு நசுங்கியதாயின் பெரும்பாலும் முதற்கண் தக்க பயிற்சியே சிகிச்சையாம். ஆனால், கை திடீரென வீங்கி நீலித்தால் குழாயில் இரத்தம் உறைந்திருத்தல் கூடும். ஒரு நாளும் தாமதித்தலாகாது. அரியலூரில் 2022-இல் அரசினர் மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றமையால், தொலைவென்னும் சாக்கும் இனிச் செல்லாது.

ஒருநாட் கூலி போய்விடுமே என்று உழைப்பாளி அஞ்சுதல் இயல்பே. கையே தளர்ந்துவிடின் எக்கூலி நிற்கும்? வேலை கொடுப்போர் தள்ளுவண்டி தந்து சுமையைக் குறைப்பது தருமமன்று, கடமை. நம் மாணவருட் பலர் இத்தகைய தோள்களின் உழைப்பாலேயே கற்கின்றனர். விடுமுறையில் வீடு சென்றதும் தந்தையின் கையைப் பற்றி, ‘மரக்கின்றதா?’ என்று அவர்கள் ஒருமுறை கேட்பார்களாக.