சிவந்ததெல்லாம் இரத்தமா?



‘வெளுத்ததெல்லாம் பால் அல்ல’ என்பது பழமொழி. ‘சிவந்ததெல்லாம் இரத்தம் அல்ல’ என்றும் ஒரு பழமொழி இருந்திருக்கலாம். முகம் வெளிறிய பெண்ணைக் கண்டால், “பீட்ரூட் ஜூஸ் கொடுங்கள், இரத்தம் ஊறும்” என்று பெரியவர்கள் சொல்வது வழக்கம். இரத்தமும் சிவப்பு, பீட்ரூட்டும் சிவப்பு; ஆகவே இரண்டும் உறவு என்பது அவர்கள் கணக்கு. இந்தக் கணக்கு சரிதானா?

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் 15 முதல் 19 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 59 பேருக்கு இரத்தசோகை உண்டு. ஒரு பெஞ்சில் ஐவர் அமர்ந்தால் மூவர்! மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. படித்தது மனத்தில் நிற்பதில்லை. ‘சோம்பேறி’ என்று பெயர் வாங்கும் பெண்களில் சிலருக்காவது இதுவே காரணமாக இருக்கக்கூடும் அல்லவா?

பீட்ரூட்டின் சிவப்புக்குக் காரணம் பீட்டானின் என்னும் நிறப்பொருள். இரும்புச் சத்துக்கும் அதற்கும் தொடர்பில்லை. நம் வயதுப் பெண்ணுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 மில்லிகிராம் இரும்புச் சத்து வேண்டும் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020இல் பரிந்துரைத்தது. 100 கிராம் பீட்ரூட்டில் ஒரு மில்லிகிராம் அளவே கிடைக்கும்.

அப்படியானால் பீட்ரூட் வீணா? இல்லை. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் 1928இல் பம்பாய்க்கு வந்து, நூற்பாலைகளில் வேலை செய்த கர்ப்பிணிப் பெண்களை வாட்டிய இரத்தசோகையை ஆராய்ந்தார். அந்த ஆராய்ச்சியில் ஒரு பகுதி நம் நீலகிரியின் குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் நடந்தது. ஈஸ்ட் சத்து கொடுத்தால் அந்நோய் தணிவதை 1931இல் உலகுக்கு அறிவித்தார். அதில் மறைந்திருந்த பொருளே ஃபோலேட் என்று பின்னர் தெரியவந்தது. புதிய இரத்த அணுக்கள் உருவாக அது இன்றியமையாதது. அதே நீலகிரியிலிருந்து நம் கடைகளுக்கு வரும் பீட்ரூட்டில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 100 மைக்ரோகிராம் ஃபோலேட் இருக்கிறது.

எலுமிச்சை, ஆரஞ்சு, சாத்துக்குடி ஆகியவற்றின் வேலை வேறு. கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச் சத்தை உடல் எளிதில் ஏற்பதில்லை. வைட்டமின் சி உடனிருந்தால் நன்றாக ஏற்கும். ஆகவே இரண்டையும் சேர்த்து அரைத்து, இன்று ‘ஸ்மூத்தி’ என்று அழைக்கப்படும் பானத்தை வீட்டிலேயே செய்யலாம்.

நடுத்தர அளவு பீட்ரூட் ஒன்றைத் தோல் சீவி, துண்டுகளாக்கி, இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்கவும். தண்ணீரில் வேகவைத்து அதைக் கொட்டினால் ஃபோலேட்டில் ஒரு பகுதி அதோடு போய்விடும். ஆறியபின் கொட்டை நீக்கிய கமலா ஆரஞ்சு இரண்டு, சிறு துண்டு இஞ்சி சேர்த்து மிக்சியில் அரைக்கவும். கொட்டை அரைபட்டால் கசக்கும். அரை மூடி எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, வேண்டிய தண்ணீர் விட்டு, வடிகட்டாமல் உடனே பருகவும். இரண்டு பேருக்குப் போதும். கமலா கிடைக்காத நாளில் சாத்துக்குடி இருக்கவே இருக்கிறது. பாலும் தயிரும் வேண்டாம். அவற்றின் கால்சியம் இரும்புச் சத்து சேர்வதைக் குறைக்கும். மறுநாள் சிறுநீர் சிவந்தால் அஞ்ச வேண்டாம். அது பீட்டானின் நிறமே. சிறுநீரகக் கல் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

இனி என் கருத்து. இந்தப் பானத்தை மட்டும் நம்பிச் சாப்பாட்டைத் தவிர்ப்பது பெருந்தவறு. துணைக்கு வந்தவளிடம் வீட்டுப் பொறுப்பு முழுவதையும் ஒப்படைக்கலாமா? முருங்கைக்கீரைப் பொரியலோ கம்பு அடையோ உண்ணும் வேளையில் இதைப் பருகினால்தான் முழுப்பயன். ஆழ்வார்பேட்டையிலும் மயிலாப்பூரிலும் டிபனுக்கு டிகிரி காபி இல்லாவிட்டால் பொழுதே விடியாது! ஆனால் காபியும் தேநீரும் இரும்புச் சத்தைத் தடுப்பவை. ஒரு மணி நேரம் தள்ளிப் பருகுவது நல்லது. பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் நீல நிற இரும்புச் சத்து மாத்திரையையும் சில தோழியர் யாரும் அறியாமல் எறிந்துவிடுகிறார்கள். அதில் 60 மில்லிகிராம் இரும்புச் சத்து உண்டு என்பதை நினைவிற்கொள்ள வேண்டும். சோர்வு நீடித்தால் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வதே அறிவுடைமை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். பல வீடுகளில் வடிகட்டிய சாறு மகளுக்கு, மிஞ்சிய சக்கை அம்மாவுக்கு. எல்லாரும் உண்டபின் கடைசியாக உண்பவரும் அவரே. அதே கணக்கெடுப்பில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100க்கு 57 பேர் இரத்தசோகை உள்ளவர்கள். நம் அன்னையரும் அந்த வயதினர்தாமே!

ஆகவே தோழியரே, மிக்சியை நாமே இயக்குவோம். இரண்டு டம்ளர்களில் சமமாக ஊற்றுவோம். முதல் டம்ளரை அம்மாவின் கையில் கொடுத்து, அவர் குடித்து முடிக்கும்வரை அருகிலேயே நிற்போம்!