தரிசு என்று எழுதினீர்களே!

தோடர்களாகிய எங்கள் புல்வெளியைத் தரிசு என்று எழுதியவர்கள் ஒருநாளாவது அதில் குனிந்து பார்த்தார்களா?

வெள்ளைக்கார சர்க்காருக்கு மரம் நிற்காத மலை வீண் மலை. அப்படித்தான் ஆஸ்திரேலியாவிலிருந்து சீகையும், யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரமும் நீலகிரிக்கு வந்தன. ஊட்டிக்கு விறகு வேண்டுமாம். அவர்கள் போய்விட்டார்கள், அந்தக் கணக்கு மட்டும் போகவில்லை. சுதந்திரம் வந்த பிறகு நட்டதுதான் இன்னும் அதிகம். தோல் பதனிடச் சீகைப் பட்டை, ரேயான் ஆலைக்குக் கூழ்மரம் என்று சரிவு சரிவாக நட்டார்கள். எங்கள் எருமைகளுக்கு மேய்ச்சல் போயிற்று. தோடனுக்கு எருமை போனால் கோயில் போயிற்று, சடங்கு போயிற்று. இதை எந்த ஃபைலில் எழுதினீர்கள், வனத்துறையினரே?

அந்தத் தரிசில் என்ன இருந்தது தெரியுமா? பன்னிரண்டு வருஷம் காத்திருந்து பூக்கும் குறிஞ்சி இருந்தது. மழைக்காலத்தில் வெள்ளை வெளேரென்று நீலகிரி லில்லி, தரையோடு ஒட்டிய ஆர்க்கிட், ஈரத்தில் பூச்சி பிடித்துத் தின்னும் சின்னஞ்சிறு செடி, பாறை ஓரத்தில் காசித்தும்பையில் எத்தனையோ வகை. எந்தப் பூ எப்போது பூக்கிறது என்று பார்த்தே எங்கள் பெரியவர்கள் பருவம் சொன்னார்கள். இவற்றில் பல இந்த மேற்கு மலைகளை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. சீகை நிழல் விழுந்த இடத்தில் ஒன்றும் மிஞ்சவில்லை. வெட்டினாலும் விடுவதில்லை அது. அதன் விதை பல பத்தாண்டு மண்ணுக்குள் கிடந்து மறுபடி முளைக்கும்.

சதுப்பில் ஒரு புல் வளரும். அவ்ஃபுல் என்போம். எருமைப் பால் கடையும் எங்கள் பால் கோயிலுக்குக் கூரை வேய அதுதான் வேண்டும், வேறு புல் ஆகாது. நீலகிரிக்கு மட்டுமே உரிய புல். சதுப்புகள் சில அணைக்குள் முழுகின. சில உருளைக்கிழங்குக் காடாயின, சில சீகை ஏறி வற்றின. கோயில் கூரை ஒழுகுகிறது, புல்லுக்கு நாங்கள் மலை மலையாக அலைகிறோம்.

1982-ல் எங்கள் முக்குருத்தி மலையைச் சரணாலயம் ஆக்கினீர்கள், 1990-ல் தேசியப் பூங்கா. காப்பாற்றுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் நீங்கள் நட்ட சீகை வேலிக்கு உள்ளே நின்றது, நாங்கள் வெளியே நின்றோம். செத்தவர் உயிர் முக்குருத்தி முடியைத் தாண்டித்தான் மறுவுலகம் போகும் என்று நம்புகிற சனம் நாங்கள். உயிரோடு அங்கே போக மனுப் போட வேண்டும். கோடையில் காய்ந்த புல்லுக்கு அளவாகத் தீ வைத்து, புதுப் புல் துளிர்க்க விட்டவர்கள் எங்கள் முன்னோர். இன்று அந்தத் தீ குற்றம்!

இத்தனைக்கும் பிறகு, இன்னமும் பஸ்ஸில் பிள்ளைகளைக் கூட்டிவந்து, மிஞ்சிய புல்மேட்டில் குழி தோண்டி மரம் நட்டுப் படம் எடுத்துக்கொள்கிறார்களே, வயிறு எரிகிறது! சோலைக்காடு மலை மடிப்புக்குள் இருக்கட்டும், முகட்டில் புல் இருக்கட்டும். அந்தப் புல் பிடித்துவைக்கும் மழைதான் பவானிக்கும் பைக்காராவுக்கும் கோடையில் கசிந்து இறங்குகிறது.

சீகையை வேரோடு எடுங்கள். எடுத்த இடத்தில் இன்னொரு மரம் வைக்காதீர்கள். எந்தச் சரிவில் எந்தப் புல் இருந்தது என்று சொல்ல எங்கள் குடியிருப்புகளான மந்துகளில் இன்னும் சில கிழவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சாவதற்குள் வந்து கேளுங்கள். எங்கள் கோயிலுக்குப் புல் அறுக்க எங்களிடமே சீட்டுக் கேட்பதை நிறுத்துங்கள்.