கண்ணில் படும் தூசி படத்தில் படுமா?

கமெராவினுள் தூசி விழுந்துவிட்டது என்று கண்டதும் பஞ்சையும் ஸ்பிரிட்டையும் தேடி ஓடுகிற பழக்கம் நம்மவரிடையே உண்டு. வீட்டுச் சன்னல் கண்ணாடிக்கு அது பொருந்தும், கமெராவுக்குப் பொருந்தாது. தூசியினால் கெடும் கமெராவை அப்புறம் பிழைக்கவைக்கலாம். துடைத்துக் கெடுத்ததைப் பிழைக்கவைப்பது கடினம்.

குருவிட்டப் பகுதித் தோட்டமொன்றிலிருந்து இளைஞர் ஒருவர் இது பற்றி எழுதியிருக்கிறார். காலையில் ரப்பர் மரங்களில் பால் வெட்டுபவர். ஓய்வு நாள்களில் கலியாண வீடு, சடங்கு வீடு, கோயில் திருவிழா ஆகியவற்றில் படம் பிடித்துச் சிறிது பொருள் ஈட்டுபவர். பாவித்த டிஜிட்டல் எஸ். எல். ஆர். கமெராவொன்றைத் தவணைக்கு வாங்கியிருக்கிறார். தவணை இன்னும் தீரவில்லை. இப்போது அதன் வியூபைண்டரில், அதாவது கண்ணை வைத்துப் பார்க்கும் சிறு துவாரத்தில், கரும்புள்ளிகள் ஏழெட்டு நிலையாக நிற்கின்றனவாம். இன்னும் பதினைந்து நாளில் ஒரு கலியாணம்; முற்பணமும் கை நீட்டி வாங்கியாயிற்று. “ஐயா, ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை ஈர்க்கில் சுற்றி உள்ளே துடைத்தால் போய்விடும் என்கிறான் கூட்டாளி. துடைக்கலாமா?” என்று கேட்கிறார்.

தம்பி, துடைக்க வேண்டாம். ஈர்க்கை விளக்குமாற்றிலேயே விட்டுவிடுங்கள். காரணத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும்.

எஸ். எல். ஆர். கமெராவில் வில்லையின் வழியே வரும் ஒளி, உள்ளே 45 பாகை சாய்ந்து நிற்கும் ஆடியொன்றில் பட்டு மேல்நோக்கித் திரும்புகிறது. மேலே மெல்லிய திரையொன்று கிடக்கிறது. காட்சி அதன்மீது விழுகிறது. அத்திரைக்கு மேலுள்ள அரியம் அக்காட்சியை நேராக்கிக் கண் வைக்கும் துவாரத்துக்கு அனுப்புகிறது. விலை குறைந்த கமெராக்களில் அரியத்துக்குப் பதிலாக ஆடிகளையே பொருத்தியிருப்பார்கள். பொத்தானை அழுத்தியதும் ஆடி மேலே மடங்கிக்கொள்ள, ஒளி நேரே பின்புறமுள்ள சென்சாரை அடைகிறது. படம் பதிவது அங்கேதான். ஆகவே மேலே திரையில் ஒட்டிய தூசி நம் கண்ணுக்குத் தெரியுமேயன்றிப் படத்துக்குத் தெரியாது. கலியாணப் படம் கெட்டுவிடும் என்ற பயம் வேண்டாம்.

அப்படியானால் அத்தூசி அவ்வளவு பெரிதாகத் தெரிவது ஏன்? கண் வைக்கும் துவாரத்திலும் ஓர் உருப்பெருக்கும் வில்லை இருக்கிறது. இரத்தினபுரி மாவட்டத்தில் இருப்பவர்களுக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. கல் வாங்குகிறவர் 10 மடங்கு பெருக்கும் சிறு கண்ணாடியைக் கண்ணருகே பிடித்து நீலக்கல்லைப் பார்க்கும்போது, வெறுங்கண்ணுக்குத் தென்படாத கீறலும் பெரிதாகத் தோன்றுகிறதன்றோ! அவர் அடுத்து ஆராய்வது அந்தக் குறை கல்லின் மேற்பரப்பில் இருக்கிறதா, உள்ளே இருக்கிறதா என்பதையே. மேலே இருந்தால் தேய்த்து நீக்கலாம். உள்ளே இருந்தால் கை வைப்பதில் பயனில்லை. கமெராக்காரரும் முதலில் இதையே ஆராய வேண்டும்.

வெள்ளைச் சுவரையோ ஒளி சீராகப் பரவிய வானத்தையோ, துளையை எஃப் 16 அளவுக்குச் சுருக்கி, வேண்டுமென்றே தெளிவில்லாமல் ஒரு படம் எடுங்கள். சூரியனை மட்டும் நோக்கக்கூடாது. அப்படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் புள்ளி எதுவும் இல்லையென்றால் சென்சார் சுத்தம். படத்தில் புள்ளி இருந்து வியூபைண்டரில் இல்லையென்றால் தூசி சென்சாரில் இருக்கிறது. அது வேறு கதை. இனி வில்லையைக் கழற்றிவிட்டு வியூபைண்டரில் பாருங்கள். புள்ளிகள் அப்போதும் நின்றால் அவை வில்லையில் இல்லை. கூர்மையாகத் தெரிபவை திரையில் ஒட்டியவை. மங்கலாகத் தெரிபவை கண் வைக்கும் கண்ணாடியின் வெளிப்புறத்தில் இருக்கக்கூடும். இந்த வெளிக் கண்ணாடி ஒன்றைத்தான் மெல்லிய வில்லைத் துணியால் தயங்காமல் துடைக்கலாம்.

ஆடி இல்லாத புதிய வகைக் கமெராக்களில் வியூபைண்டருக்குள் ஒரு குட்டித் திரை இருக்கிறது. அங்கே சோதனை இன்னும் சுலபம். அமைப்புப் பட்டியலை அத்திரையில் வரவழையுங்கள். பட்டியலின் மேலும் புள்ளி நின்றால் குறை வியூபைண்டரில். மறைந்துவிட்டால் வில்லைப் பக்கத்திலோ சென்சாரிலோ தேட வேண்டும்.

திரையின் கீழ்ப்புறத்தில் ஒட்டிய தூசியை நீக்க ரப்பர் ஊதுகுமிழ் ஒன்று போதும். கமெராக் கடைகளில் விற்பார்கள். ரப்பர் விளையும் ஊரில் அதற்குப் பஞ்சமா வரப்போகிறது! மழை பெய்து தூசி அடங்கிய வேளையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, சன்னலைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். குமிழை முதலில் நாலைந்து முறை வெறுங்காற்றில் அமுக்கி அதனுள் இருக்கும் தூசியை வெளியேற்றுங்கள். கமெராவை நிறுத்தி, வில்லையைக் கழற்றி, வாய் தரையைப் பார்க்கும்படி பிடித்துத் திரையை நோக்கி இரண்டு மூன்று முறை ஊதுங்கள். குமிழின் முனை எதிலும் தொடக்கூடாது. உதிரும் தூசி தானாகக் கீழே விழும். பிறகு பாருங்கள், மீதி இருந்தால் இன்னொரு முறை. அப்போதும் அசையாத புள்ளி திரைக்கு மேற்புறத்தில், அரியத்தின் பக்கம் இருக்கிறது. அதை விட்டுவிடுவதே புத்தி.

பஞ்சு ஏன் கூடாது? அந்தத் திரை மென்மையான பிளாஸ்டிக்கினாலானது. அதில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய வரிகள் இழைக்கப்பட்டிருக்கின்றன. ஈர்க்கு பட்ட கீறல் தூசியைப்போல் ஒருநாளும் உதிராது. ஸ்பிரிட் பட்டால் மங்கிவிடவும் கூடும். ஆடியின் நிலைமையும் அதுவே. நம் வீட்டு முகக்கண்ணாடியில் பூச்சு பின்புறத்தில் இருக்கிறது; கமெரா ஆடியில் அது முன்புறத்திலேயே இருக்கிறது. விரல் பட்டால் ரேகை பதியும், தேய்த்தால் பூச்சே போகும். வாயால் ஊதுவதும் தவறு. எச்சில் துளி போய் ஒட்டிக்கொள்ளும். குப்பியில் அடைத்த அழுத்தக் காற்று திரவத்தைக் கக்கக்கூடும்.

மாணவர்களுக்குத் தனியாக ஓர் எச்சரிக்கை. சட்டைப்பையில் அடங்கும் பழைய சிறு கமெராக்கள் சிலவற்றில் வியூபைண்டர் ஒரு சிறு குழாய் போன்றது. அதனுள் தூசி புகுந்தால் கமெராவைப் பிரித்தாலொழிய எட்டாது. திருகாணி சிறிதுதானே என்று பிரிக்கப் புகாதீர்கள். பளிச்சென்று மின்னும் விளக்குக்காக உள்ளே இருக்கும் மின்கொள்ளளவி சுமார் 300 வோல்ற்று மின்னைத் தேக்கிவைத்திருக்கும். மின்கலத்தைக் கழற்றிய பின்னும் அது எளிதில் இறங்குவதில்லை.

தூசி புகாமல் காப்பதைப் பற்றியும் இரு வார்த்தை. வில்லையை மாற்றும் நேரத்திலேதான் அது பெரும்பாலும் நுழைகிறது. குருவிட்ட - எரத்ன வழியே சிவனொளிபாதமலை ஏறுகிறவர்கள், கூட்டம் நடந்து மண் கிளம்பும் பாதையோரத்தில் வில்லையை மாற்றக்கூடாது. மாற்ற நேர்ந்தால் கமெராவின் வாயைக் கீழே பிடித்துக்கொள்ளட்டும். தேயிலைத் தொழிற்சாலைக்குள் படம் எடுப்பவர் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும். ‘டஸ்ட்’ என்று பெயர் வைத்துத் தூளையே ஒரு தரமாக விற்கும் இடத்தில் காற்று எப்படி இருக்கும் என்று சொல்லவா வேண்டும்?

ஆனால் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பொழியும் இரத்தினபுரிப் பக்கத்தில் தூசியைவிடப் பெரிய பகை ஈரந்தான். வியூபைண்டரிலோ வில்லையிலோ தெரிவது புள்ளியாக இல்லாமல் சிலந்தி நூல்போல் கிளைவிட்டிருந்தால் அது பூஞ்சணம். ஊதினால் போகாது, நாளடைவில் கண்ணாடியின் பூச்சையே அரித்துவிடும். அத்தகைய கமெராவைத் தாமதியாமல் பழுதுபார்ப்பவரிடம் கொடுக்க வேண்டும். கமெராவைத் தோலுறையிலே போட்டுத் துணி அலுமாரியில் வைக்கிறோமே, அது பூஞ்சணத்துக்கு விருந்து வைப்பதுதான். இறுக மூடும் பிளாஸ்டிக் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வையுங்கள். நிறம் மாறும் வகை நல்லது. நிறம் மாறியதும், சமையலுக்குப் புழங்காத தட்டில் மெல்லிய சூட்டில் உலர்த்தினால் மீண்டும் பயன்படும். நீலநிற மணிகள் நச்சுத்தன்மை உள்ளவை. குழந்தைகள் கைக்கு எட்டக்கூடாது. வாரம் ஒருமுறையாவது கமெராவை வெளியே எடுத்து இரண்டு படம் பிடித்தால் அதற்கும் காற்றாடும்.

புள்ளிக்கு அஞ்சுகிறவர்கள் ஜூலியா மார்கரெட் கமெரன் அம்மையாரை நினைத்துக்கொள்ளலாம். 1863-இல் மகள் பரிசளித்த கமெராவோடு தொழிலைத் தொடங்கிய அவர், 1875-இல் இலங்கைக்கு வந்து 1879-இல் மலைநாட்டிலேயே காலமானார். இங்கே அவர் எடுத்த படங்களில் தோட்டத் தொழிலாளரும் இருக்கின்றனர். கறையும் கீறலும் மலிந்த படங்கள் என்று அக்காலத்து விமர்சகர்கள் அவரை ஏளனம் செய்தார்கள். அவர் படங்களை இலண்டன் விக்டோரியா அல்பேர்ட் அருங்காட்சியகம் இன்று போற்றிக் காக்கிறது. அவருடைய கறைகளாவது படத்திலேயே இருந்தன. நம் தம்பியின் புள்ளிகள் படத்துக்குள் வரவே மாட்டா.

ஊதியும் போகாத தூசி தொழிலுக்கு இடைஞ்சலாக இருந்தால், கலியாணம் முடிந்த பிறகு கமெராவைப் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். திரையைக் கழற்றிச் சுத்தம் செய்வது அவருக்குப் பழகிய வேலை. கூலியை முன்னதாகவே பேசிக்கொள்ளுங்கள். கொடுக்கும் நாளில் வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது கடையில் நின்றபடியே அதே போல் இன்னொன்று எடுத்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்த பின்பு காசைக் கொடுங்கள்.