அம்மா கேட்ட ஆட்டம்

சென்ற வாரம் மாலை தரிசனம் முடிந்து பிரகாரத்தில் அமர்ந்திருந்தபோது பேரன் கேட்டான்: "தாத்தா, நீங்கள் ஒருநாளாவது மட்டை பிடித்து ஆடியிருக்கிறீர்களா? பிறகு ஏன் ஓர் ஆட்டம் விடாமல் பார்க்கிறீர்கள்?"

முப்பத்தைந்து ஆண்டுகள் வங்கியில் கணக்குப் பார்த்த எனக்கு, இந்தக் கணக்குக்கு உடனே விடை தோன்றவில்லை. காலஞ்சென்ற என் தாயார்தாம் நினைவுக்கு வந்தார்.

அம்மா எந்த மைதானத்தின் வாசலையும் மிதித்ததில்லை. 1975 பொங்கல் சமயத்தில், சேப்பாக்கத்தில் மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்தின் வருணனையை வானொலியில் கேட்டதிலிருந்து அவருக்கு இந்தப் பற்று உண்டாயிற்று. முதல் இன்னிங்ஸில் ஆண்டி ராபர்ட்ஸ் ஏழு விக்கெட்டுகளைச் சாய்க்க, விஸ்வநாத் மட்டும் இறுதிவரை ஆட்டமிழக்காமல் 97 ஓட்டங்கள் எடுத்தார். துணை நிற்க ஆளின்றிச் சதம் கைநழுவியது. "இன்னும் மூன்றுதானே! யாராவது கூட நின்றிருக்கக் கூடாதா?" என்று அடுப்படியில் இருந்தபடியே அம்மா கலங்கினார்.

பள்ளி மாணவனான நான், "விதிமுறையே தெரியாத உனக்கு ஆட்டம் எதற்கம்மா?" என்று கேலி செய்தேன். அம்மா பதில் சொல்லவில்லை. வானொலியின் ஒலியைச் சற்றுக் குறைத்துக்கொண்டார்.

1999 ஜனவரி 31, ஞாயிற்றுக்கிழமை. அதே சேப்பாக்கத்தில் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட். முதுகு வலியோடு போராடி 136 ஓட்டங்கள் எடுத்த சச்சின் ஆட்டமிழந்தபோது, வெற்றிக்கு 17 ஓட்டங்களே தேவை. மீதி மூன்று விக்கெட்டுகளும் நான்கு ஓட்டங்களில் விழுந்தன. 12 ஓட்டங்களில் தோல்வி. ஆத்திரத்துடன் தொலைக்காட்சியை அணைக்கப் போனேன்.

"அணைக்காதே அப்பா, இரு. அந்தப் பிள்ளைகளைப் பெற்றவர்களும் வேண்டிக்கொண்டுதானே இருந்திருப்பார்கள்" என்றார் அம்மா.

திரையில், வென்ற பாகிஸ்தான் அணியினர் மைதானத்தை வலம் வந்தனர். சென்னை ரசிகர்கள் எழுந்து நின்று கைதட்டினர். அம்மாவும் மெல்லக் கைதட்டினார்.

பாகவதத்தில் பிரகலாதன் கூறும் ஒன்பது வகை பக்தியில் முதலாவது சிரவணம், அதாவது கேட்டல். பரீட்சித்து மன்னன் ஏழு நாட்கள் கேட்டே உய்ந்தான். விளையாட்டை வழிபாட்டுக்கு ஈடாக நான் சொல்லவில்லை. ஆயினும் மனம் இயங்கும் விதம் ஒன்றுதான். ஆடுபவருக்குப் புகழுண்டு, ஊதியமுண்டு. கேட்பவருக்கு ஒன்றுமில்லை. முன்பின் அறியாத ஒருவரின் உழைப்பு வீண்போகக் கூடாதே என்று தன்னை மறந்து தவிக்கும் நெஞ்சு ஒன்றே அவரிடம் உண்டு. அந்தத் தவிப்புக்கு ஆட்டம் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

அதே பற்றில் 'நான், எனது' என்னும் எண்ணம் புகுந்துவிட்டால், தோற்றவரை ஏசுகிறோம், வென்றவரை வெறுக்கிறோம். விதிமுறைகள் அனைத்தும் அறிந்த நான் அன்று அங்கேதான் நின்றேன். ஒன்றும் அறியாத அம்மா அதைக் கடந்திருந்தார்.

பள்ளிப் பருவத்துக் கேலிக்காக அவரிடம் நான் ஒருபோதும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அந்தக் கடன் அப்படியே நிற்கிறது. இதைப் பேரனிடம் சொன்னேன். இப்போதெல்லாம் நம் அணி தோற்றாலும், வென்றவர்கள் மகிழ்ந்து முடிக்கும்வரை எங்கள் வீட்டில் தொலைக்காட்சியை அணைப்பதில்லை.