தலைவலிக்கு ரத்தம் சாட்சி சொல்லுமா?

"தலை வலிக்கிறது" என்று சொல்லி ஒரு பெண் படுத்துவிட்டால் வீட்டில் என்ன பேச்சு எழுகிறது? "வேலைக்குச் சாக்கு" என்பார் ஒருவர். "காலையில் நன்றாகத்தானே இருந்தாள்!" என்பார் இன்னொருவர். காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். கால் ஒடிந்தால் எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கலாம். ஒற்றைத் தலைவலிக்கு அப்படி வெளியே தெரியும் அடையாளம் எதுவும் கிடையாது. நோயாளியின் வாய்ச்சொல் ஒன்றுதான் சாட்சி. அந்தச் சாட்சியை நம்பாதவர்கள் ஏராளம்.

ஆகையால், "ஒற்றைத் தலைவலிக்காரர்களின் ரத்தத்தில் நரம்புச் சேதத்தின் அடையாளம் இருக்கிறதா என்று விஞ்ஞானிகள் ஆராய்கிறார்கள்" என்ற செய்தி, அவதிப்படுகிறவர்களின் காதில் தேனாகப் பாய்கிறது. இனி யாரும் பொய் என்று சொல்ல முடியாது அல்லவா?

இங்கேதான் சற்று நிதானம் தேவை.

இது சில்லறை நோயல்ல. உலகத்தில் 100 கோடிப் பேருக்கு மேல் இதனால் அல்லல்படுகிறார்கள். ஆண்களைப்போல இரண்டு, மூன்று மடங்கு பெண்களுக்கு இது வருகிறது. கர்நாடகத்தில் வீடு வீடாக எடுத்த கணக்கு ஒன்று 2015-ல் வெளியாயிற்று. ஓர் ஆண்டில், வயது வந்தவர்களில் 100-க்கு 25 பேருக்கு இந்தத் தலைவலி இருந்ததாக அது சொல்கிறது. வந்தால் 4 மணி நேரம் முதல் 72 மணி நேரம் வரை ஆட்டி வைக்கும். வெளிச்சம் ஆகாது. சத்தம் ஆகாது. வயிறு குமட்டும். சிலருக்கு வலி வருமுன் கண் முன்னே ஒளிக்கோடுகள் வளைந்து வளைந்து ஓடும்.

கசியும் புரதம்

நரம்பு அணு ஒவ்வொன்றிலிருந்தும் நீண்ட இழை ஒன்று புறப்படுகிறது. பந்தலுக்குக் கால் நட்டதுபோல அந்த இழையைத் தாங்கி நிற்கும் புரதங்கள் உண்டு. அவற்றில் ஒன்றின் பெயர் நியூரோபிலமென்ட் லைட். இழை சிதைந்தால் இந்தப் புரதம் வெளியே கசிந்து, மூளையைச் சுற்றியுள்ள நீரில் கலக்கிறது. அதில் ஒரு துளி ரத்தத்துக்கும் வருகிறது.

துளி என்பதுகூட அதிகம். ஒரு மில்லி லிட்டர் ரத்தத்தில் சில பிகோகிராம்தான் இருக்கும். ஒரு கிராமை லட்சம் கோடிக் கூறு போட்டால் அதில் ஒரு கூறுதான் பிகோகிராம்! முன்பெல்லாம் இதை அளக்க முதுகுத் தண்டில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டியிருந்தது. நுட்பமான கருவிகள் வந்த பிறகு, கையில் எடுக்கும் ரத்தமே போதும் என்றாகிவிட்டது.

பக்கவாதத்திலும், தசைகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோயிலும் இந்தப் புரதம் ஏறுகிறது. 2023-ல் ஏ.எல்.எஸ். நோயின் ஒரு வகைக்கு அமெரிக்க அரசு புது மருந்து ஒன்றை அனுமதித்தது. மருந்து கொடுத்ததும் இந்தப் புரதம் குறைந்தது என்பதே அனுமதிக்கு முக்கிய ஆதாரம். அவ்வளவு மதிப்பு இந்த அளவைக்கு.

ஒற்றைத் தலைவலியில் கதை வேறு. சில ஆராய்ச்சிகளில் புரதம் சற்று ஏறியிருந்தது. வேறு சிலவற்றில் ஒரு வித்தியாசமும் இல்லை. பெரும்பாலும் சிறிய ஆராய்ச்சிகள். போதாக்குறைக்கு, வயது ஏறினாலே இந்தப் புரதமும் ஏறும். சிறுநீரகம் கெட்டாலும் ஏறும். ஒருவருடைய ரத்தத்தில் கண்ட ஓர் எண்ணை வைத்து, "இது தலைவலியால் வந்தது" என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

"அப்படியானால் ஒவ்வொரு தலைவலிக்கும் மூளை கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்கிறதா?" என்று பயப்படுகிறவர்களும் உண்டு. நெதர்லாந்தில் 9 ஆண்டு இடைவெளியில் மூளையை இரு முறை படம் பிடித்துப் பார்த்தார்கள். ஒற்றைத் தலைவலி உள்ள பெண்களின் மூளையில் சிறு வெண்புள்ளிகள் அதிகமாகியிருந்தன. ஆனால் அதனால் நினைவாற்றலோ சிந்தனையோ குறைந்ததாகத் தெரியவில்லை. 2012-ல் வெளியான முடிவு இது.

வலி வேறு, சேதம் வேறு

பெரிய குழப்பம் ஒன்று இருக்கிறது. இந்தப் பரிசோதனை அளப்பது சேதத்தை, வலியை அல்ல. நரம்பு அறுந்தால்தான் வலிக்கும் என்பதில்லை. கம்பி அறுந்தா மணி அடிக்கிறது? கம்பி சரியாக இருப்பதால்தானே அடிக்கிறது!

முகத்துக்கும் தலைக்கும் உணர்ச்சி தரும் முக்கிளை நரம்பு கிளர்ச்சியடையும்போது சி.ஜி.ஆர்.பி. என்ற பொருள் வெளிப்படுகிறது. வலி நேரத்தில் கழுத்து ரத்தக் குழாயில் அது கூடியிருந்ததைப் பீட்டர் கோட்ஸ்பியும் லார்ஸ் எட்வின்சனும் 1990-ல் வெளியிட்டார்கள். அந்தப் பொருளின் வேலையைத் தடுக்கும் ஊசி மருந்து ஒன்றுக்கு 2018-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பலருக்கு வலி வரும் நாட்கள் குறைந்தன. எதையும் ஒட்டுப்போட்டு அல்ல, கூச்சலை அடக்கித்தான்.

ஆகவே, சேதத்தைக் காட்டும் பரிசோதனையை வலிக்குச் சான்றிதழாக்கினால் யாருக்கு நஷ்டம்? ரத்தம் சுத்தமாக இருக்கிறது என்று சீட்டு வரும் பெண்ணுக்குத்தான். "பார்த்தாயா, ஒன்றும் இல்லை!" என்று வீடு சொல்லும். லீவு தர அலுவலகம் மறுக்கும். நேற்று வரை சந்தேகமாக இருந்தது, நாளை தீர்ப்பாகிவிடும்.

ஆராய்ச்சி நடக்கட்டும். மாதத்தில் பாதி நாள் வலியோடு கிடப்பவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்து, சேதம் உண்டா இல்லையா என்று முடிவு கட்டட்டும். அது விஞ்ஞானிகளின் வேலை. லேபரட்டரி விளம்பரத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்காரர்கள் செய்யும் வேலை அல்ல.

திடீரென்று இடி விழுந்ததுபோல் வலி, கை கால் விளங்காமை, நாக்குக் குழறல் என்றால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். அது வேறு விஷயம். வழக்கமான ஒற்றைத் தலைவலியை டாக்டர்கள் இன்றும் கேள்வி கேட்டுத்தான் கண்டுபிடிக்கிறார்கள். எந்தப் பக்கம், எத்தனை மணி நேரம், துடிக்கிறதா, நடந்தால் கூடுகிறதா, வெளிச்சம் கூசுகிறதா? வலி வந்த தேதி, தூங்கிய நேரம், சாப்பிடத் தவறிய வேளை, மாதவிலக்கு நாள், விழுங்கிய மாத்திரை இவற்றை நாலணா நோட்டிலாவது குறித்துக்கொண்டு போனால் பாதி வேலை முடிந்தது. மாத்திரைக் கணக்கு முக்கியம்: மாதம் 15 நாளோ அதற்கு மேலோ சாதாரண வலி மாத்திரை சாப்பிட்டுக்கொண்டே போனால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கும்.