கருவி சொல்லும் உர அளவை அப்படியே நம்பலாமா?

மதுரை கே.கே. நகரில் இருந்து மேலூர் பக்கம் போனால் செம்மண். திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். ஒரு மணி நேரப் பயணத்துக்குள் மண் இப்படி மாறிவிடுகிறது. கைக்கு அடக்கமான கருவியை மண்ணில் காட்டி, கைபேசியிலேயே உர அளவு சொல்கிறோம் என்று யாராவது உங்கள் வயலுக்கு வந்தால் இதை நினைவில் வையுங்கள்.

கருவி பொய்யில்லை. கான்பூர் ஐ.ஐ.டி. 2021-ல் அறிமுகம் செய்த 'பூ பரிக்ஷக்' கருவிக்கு 5 கிராம் உலர்ந்த மண் போதும். 90 விநாடியில் முடிவு வந்துவிடும். இத்தகைய கருவிகள் அகச்சிவப்பு ஒளியை மண்ணில் பாய்ச்சி, திரும்பும் ஒளியைக் கோடாகப் பதிவு செய்கின்றன. அந்தக் கோட்டை 'கார்பன் இவ்வளவு' என்று மாற்றுவது மென்பொருள். எப்படி? ஆய்வகத்தில் ஏற்கெனவே சோதித்த மண்ணின் கோடுகளைக் கொண்டு அதைப் பழக்கியிருப்பார்கள். அந்தத் தொகுப்பில் நம் கரிசல் இல்லையென்றாலும் அது பெரும்பாலும் வாயை மூடிக்கொண்டிருக்காது. ஏதோ ஓர் எண்ணைச் சொல்லிவிடும்.

அங்கக கார்பன், களிமண் அளவு ஆகியவை ஒளிக்கு நன்றாகப் பிடிபடும். மணிச்சத்து, சாம்பல்சத்து, துத்தநாகம் நேரடியாகப் பிடிபடாது. மற்றவற்றை வைத்து ஊகிப்பதுதான். அந்த ஊகத்தை மட்டும் நம்பி டி.ஏ.பி., பொட்டாஷ் மூட்டைகளைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம் என்பது என் கருத்து.

கருவியைக் கையாளும் களப்பணியாளர்களுக்கு: 1400, 1900 நானோமீட்டர் பகுதிகளில் தண்ணீர் ஒளியை விழுங்கிவிடும். ஈர மண்ணை வைத்தால் ஈரத்தைத்தான் அளப்பீர்கள். நிழலில் உலர்த்தி, 2 மி.மீ. சல்லடையில் சலியுங்கள். முதலில் வெள்ளைத் தகட்டை வைத்துக் கருவியைச் சரிபாருங்கள். மண்ணைக் கிளறிக் கிளறி மூன்று நான்கு முறை பதிவு செய்து சராசரி எடுங்கள். புல எண், ஆழம், தேதி எழுதாத பதிவு யாருக்கும் உதவாது.

மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் வந்தது. அதற்காக 12 குணங்கள் ஆய்வகத்தில் அளக்கப்படுகின்றன. அளந்து முடித்த மண்ணைக் கொட்டும் முன், அதை ஒருமுறை ஒளியிலும் பதிவு செய்தால் நம் மாவட்டத்துக்கென ஒரு தொகுப்பு சேரும். ஒத்தக்கடை வேளாண் கல்லூரியும் வேளாண்மைத் துறையும் சேர்ந்தால் இது பெரிய வேலையில்லை.

அதுவரை, கருவியோடு வருபவரிடம் "எந்த ஊர் மண்ணை வைத்துப் பழக்கினீர்கள்?" என்று கேளுங்கள். எடுத்த மண்ணில் பாதியை அவரிடம் கொடுத்து, மீதியை மண் பரிசோதனை நிலையத்துக்கு அனுப்புங்கள். இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு உரக்கடைக்குப் போகலாம்.